பாட்டோடு வந்த வட்டு

அகிஹபாரா ரயில் நிலையத்தில் 'மின்சார நகரம்' என்று எழுதிய வாசல் வழியாக வெளியே வந்தபோது காலை 11 மணி. தெருவோரக் கடைகள் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தன. என் சித்தி மகன் முன்னால் நடந்தான். பல வருடங்களாக டோக்கியோவில் மென்பொருள் வேலை பார்க்கிறான். பழைய கேம் வட்டுகளை வாங்கி, கணினியில் இமேஜ் ஃபைலாக எடுத்து வைப்பதுதான் அவனுடைய ஞாயிற்றுக்கிழமை வேலை. அதை முதலிலிருந்து முடிவு வரை பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தேன்.

"அப்ப வட்டு வாங்குறதுலேர்ந்தே பாருங்கண்ணே" என்றான்.

சூப்பர் பொட்டேட்டோவுக்குப் போனோம். குறுகலான படி, சுவர் முழுக்கப் பழைய கேம் படங்கள், ஃபேமிகாம் கேட்ரிட்ஜ்களின் வாசம் என்றே சொல்லத் தோன்றும் ஒரு பிளாஸ்டிக் வாசம். அங்கே பார்த்துவிட்டு வெளியே வந்து, பின்தெருவில் இருந்த ஒரு சின்னக் கடைக்குள் நுழைந்தோம். வட்டுகளின் மேல் ஒட்டியிருந்த சீட்டுகளை அவன் படித்துக் காட்டினான். 'ஹாகோ-செட்சு' என்றால் பெட்டியும் கையேடும் சேர்ந்தது. 'தோசா ககுனின்' என்றால் ஓட்டிப் பார்த்துச் சரி என்று சொன்னது. மூலையில் ஒரு பிளாஸ்டிக் கூடை. அதற்கு மேல் 'ஜங்கு' என்று எழுதியிருந்தது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் கடைக்காரர் பொறுப்பில்லை.

அந்தக் கூடையில்தான் அது கிடந்தது. நாம்கோவின் ரிட்ஜ் ரேசர். 1994 டிசம்பர் 3ஆம் தேதி ஜப்பானில் பிளேஸ்டேஷன் வெளிவந்த அன்றே கூட வந்த கேம். வட்டின் மேல் எஸ்எல்பிஎஸ்-00001 என்று அச்சாகியிருந்தது. பிளேஸ்டேஷன் அட்டவணையில் முதல் எண். விலை 330 யென்.

கையில் எடுத்ததும் எனக்கு டோக்கியோ மறந்துபோனது. 2000ஆம் ஆண்டு வாக்கில் சென்னையில் எங்கள் தெருமுனையில் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. மணிக்கு 20 ரூபாய். மார்க்கர் பேனாவால் பெயர் எழுதிய நகல் வட்டு. அதில் நான் ஓட்டித் தள்ளிய கார்களுக்குக் கணக்கில்லை. என்ஜின் உறுமும், டயர் கிறீச்சிடும், அறிவிப்பாளர் ஆங்கிலத்தில் கத்துவார். பாட்டு மட்டும் கிடையாது. அந்த கேமுக்குப் பாட்டே இல்லை என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அதை அவனிடம் சொன்னேன்.

அவன் நின்றுவிட்டான். "பாட்டு இல்லையா? ரிட்ஜ் ரேசர்ல பாதிக்கு மேல பாட்டுதாண்ணே. இதையே வாங்குங்க. வீட்டுல காட்டுறேன்."

வாங்கும் முன் கைபேசி வெளிச்சத்தில் வட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அடிப்பக்கம் கறுப்பு. பிளேஸ்டேஷன் வட்டுகளுக்கே உரிய கறுப்பு. டிரைவில் இருக்கும் லேசர் 780 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி. நம் கண்ணுக்கு இருட்டாகத் தெரியும் அந்த பிளாஸ்டிக் வழியாக அது தாராளமாகப் போய்வரும். அடிப்பக்கத்தில் நாலைந்து கீறல்கள் இருந்தன. அவன் அவற்றைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேல்பக்கத்தைத்தான் நெடுநேரம் பார்த்தான். வட்டின் தடிமன் 1.2 மில்லிமீட்டர். தகவலைத் தாங்கும் அலுமினியப் படலம் அடியில் இல்லை, மேலே லேபிளுக்கு நேர் கீழே இருக்கிறது. அடிக்கீறலைத் தேய்த்துச் சரிசெய்துவிடலாம். லேபிள் பக்கம் கீறினால் அலுமினியமே போய்விடும், அதற்கு மருந்தில்லை. பழைய வட்டு வாங்கும் எவரும் தெரிந்துகொள்ள வேண்டியது இது.

ஹிபியா லைனில் ஏறி, கயபாச்சோவில் தோசாய் லைனுக்கு மாறி, நிஷி-கசாயில் இறங்கினோம். டோக்கியோவில் இந்தியர்கள் அதிகம் வாழும் எடோகாவா வட்டாரம். வழியில் கொத்தமல்லி வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனோம்.

மேசையில் இரண்டு டிரைவ்கள். ஒன்று சாதாரண யுஎஸ்பி டிவிடி டிரைவ். இன்னொன்று பழைய பிளெக்ஸ்டர், கனமான உலோக உடம்பு. இந்த வேலைக்கு ஜப்பானியர்கள் சொல்லும் பெயர் 'சுயிதாஷி', உறிஞ்சி எடுப்பது. நம் பையன்கள் 'டம்ப் எடுப்பது' என்பார்கள்.

முதலில் சாதாரண டிரைவில் வட்டைப் போட்டான். கணினித் திரையில் சில கோப்புகள் வந்தன. மொத்த அளவைப் பார்த்தால் ஒரு குறுவட்டில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

"இவ்வளவுதானா?"

"கணினி காட்டுறது இவ்வளவுதான். இதை அப்படியே ஐஎஸ்ஓவா எடுப்போம்."

சில விநாடிகளில் ஒரு ஐஎஸ்ஓ ஃபைல் தயாரானது. அதை, பிளேஸ்டேஷனைக் கணினிக்குள் போலச்செய்யும் டக்ஸ்டேஷன் என்ற எமுலேட்டரில் திறந்தான். கேலக்ஸியன் வந்தது. ரிட்ஜ் ரேசர் நினைவகத்தில் ஏறிக்கொண்டிருக்கும்போது பொழுதுபோக்குக்காக நாம்கோ வைத்த சின்ன விளையாட்டு அது. ஏறி முடிவதற்குள் எல்லா எதிரிகளையும் சுட்டு வீழ்த்தினால் கூடுதலாக 8 கார்கள் கிடைக்கும். நான் வீழ்த்தவில்லை. பந்தயம் தொடங்கியது. என்ஜின் உறுமியது, டயர் கிறீச்சிட்டது, அறிவிப்பாளர் கத்தினார். பாட்டு இல்லை.

இருபத்தைந்து வருடத்துக்கு முன் அந்தத் தெருமுனைக் கடையில் கேட்ட அதே மௌனம். அந்தக் கடையில் ஓடிய நகலை எடுத்தவரும் இதே தவறைத்தான் செய்திருக்க வேண்டும் என்று அப்போது புரிந்தது.

ஏன் இப்படி ஆகிறது என்பதை அவன் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினான். எனக்கு இந்தப் பகுதிதான் பொக்கிஷம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குறுவட்டு பிறந்தது பாட்டுக்காக. 1982இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. ஒரு விநாடிப் பாட்டுக்கு 44,100 சாம்பிள். ஒவ்வொன்றும் இடது காதுக்கு 2 பைட், வலது காதுக்கு 2 பைட். ஆக, விநாடிக்கு 1,76,400 பைட். அந்த விநாடியை 75 துண்டாக வெட்டியிருக்கிறார்கள். ஒரு துண்டு 2,352 பைட். இதுதான் செக்டர். நடுத்துளைக்குப் பக்கத்தில் தொடங்கி வெளிப்புறம் நோக்கிச் சுருளாகப் போகும் ஒற்றைக் கோட்டில் இந்தச் செக்டர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன.

பிறகுதான் அதில் கணினித் தகவலை எழுதும் யோசனை வந்தது. பாட்டில் ஒரு பைட் தவறினால் காது பொறுத்துக்கொள்ளும், நிரலில் தவறினால் ஓடாது. அதனால் 2,352இல் 2,048 பைட்டை மட்டும் தகவலுக்குக் கொடுத்துவிட்டு, மீதியை முகவரிக்கும் பிழை கண்டுபிடித்துத் திருத்துவதற்கும் ஒதுக்கினார்கள். ஐஎஸ்ஓ ஃபைல் எடுத்துக்கொள்வது இந்த 2,048ஐ மட்டும்தான். அலுவலக மென்பொருள் வட்டுக்கு அது போதும்.

பிளேஸ்டேஷன் வட்டு இதைவிடச் சிக்கலானது. அதன் சுருளைத் தடங்களாகப் பிரித்திருப்பார்கள். முதலில் வரும் தகவல் தடத்துக்குள்ளேயே இருவகைச் செக்டர்கள் கலந்து வரலாம். ஒன்று 2,048 பைட் தகவலும் பிழைதிருத்தமும் கொண்டது. மற்றொன்று பிழைதிருத்தத்தைக் குறைத்துக்கொண்டு 2,324 பைட் வரை ஒலியோ படமோ ஏற்றியது. கேமின் நடுவே வரும் படக்காட்சிகளின் ஒலி பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்தான் இருக்கும். 2,048 என்ற அச்சில் வார்த்தால் அதன் வால் வெட்டுப்பட்டுவிடும். இதெல்லாம் முதல் தடத்தின் கதை. இரண்டாம் தடத்திலிருந்து சில கேம்களில் சாதாரணப் பாட்டு சிடி போலவே தூய ஒலித்தடங்கள் வரும். அவற்றுக்குக் கோப்புப் பெயர் கிடையாது. ஐஎஸ்ஓவுக்கு அவை இருப்பதே தெரியாது.

ரிட்ஜ் ரேசர் அந்த வகை. பிளேஸ்டேஷனின் முதன்மை நினைவகம் 2 மெகாபைட். நாம்கோ கேமை அதற்குள் அடைத்துவிட்டு, வட்டில் மிஞ்சிய இடத்தைப் பாட்டுக்குக் கொடுத்தது. கேம் ஏறி முடிந்ததும் வட்டை எடுத்துவிட்டு வேறு எந்தப் பாட்டு சிடியையும் போட்டு அந்தப் பாட்டிலேயே பந்தயம் ஓட்டலாம். 1988 டிசம்பரில் பிசி என்ஜின் கேம் பெட்டிக்காக என்இசி முதல்முதலில் சிடி டிரைவ் கொண்டுவந்த காலத்திலிருந்தே பாட்டை ஒலித்தடமாக வட்டில் வைக்கும் பழக்கம் உண்டு. இயந்திரத்தின் நினைவகம் சின்னது, வட்டோ மகா பெரிது, பாட்டை வட்டிலிருந்தே நேராக ஒலிக்கவிடலாம். அந்தக் கால இசையமைப்பாளர்களுக்கு அது பெரிய விடுதலை.

"அதனாலதான் பிளேஸ்டேஷன் வட்டைக் கோப்பு கோப்பா பாக்கக் கூடாதுண்ணே. மொத்தச் சுருளையும் அப்படியே எடுக்கணும்."

வட்டை பிளெக்ஸ்டருக்கு மாற்றினான். ரீடம்பர் என்ற கருவியை ஓடவிட்டான். திரையில் செக்டர் எண்கள் ஏறிக்கொண்டே போயின. முக்கால்வாசி தூரம் போனதும் டிரைவின் சத்தம் மாறியது, வேகம் விழுந்தது, பிழைக் கணக்கு ஏறத் தொடங்கியது. நான் பதறினேன். அவன் வட்டை வெளியே எடுத்து, மென்மையான துணியால் நடுத்துளையிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் துடைத்தான். வட்டமாகத் துடைக்கவே கூடாது. சுருளின் போக்கிலேயே ஒரு கீறல் விழுந்தால் அடுத்தடுத்த செக்டர்கள் மொத்தமாகப் போய்விடும். குறுக்கே விழும் கீறலைப் பிழைதிருத்தம் சமாளித்துக்கொள்ளும். மறுபடி போட்டு, பிழை வந்த இடங்களை மட்டும் திரும்பப் படிக்கச் சொன்னான். மூன்றாவது முறை பூஜ்யம் வந்தது.

பிளெக்ஸ்டர் எதற்கு என்று கேட்டேன். ஒலிச் செக்டர் 2,352 பைட்டும் ஒலிதான், அதற்குள் முகவரி எழுத இடமில்லை. ஆகவே ஒவ்வொரு டிரைவும் பாட்டு தொடங்கும் இடத்தைக் கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ தள்ளிப் படிக்கும். அவனுடைய டிரைவுக்கு இந்த விலகல் 30 சாம்பிள், அதாவது 120 பைட். காதுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் இருவர் எடுத்த இமேஜ்கள் ஒன்றுபோல் இருக்க வேண்டுமென்றால் இந்தத் தள்ளலைக் கணக்கில் எடுத்துக்கொண்டு திருத்த வேண்டும். பிளெக்ஸ்டர் டிரைவுகள் தடங்களின் எல்லைக்கு அப்பாலும் படிக்கக் கூடியவை, பிழையை மறைக்காமல் சொல்பவை. அதனால்தான் உற்பத்தி நின்ற பிறகும் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள்.

வேலை முடிந்தபோது கோப்புறையில் தடத்துக்கு ஒன்றாகப் பல பின் ஃபைல்கள் இருந்தன. கூடவே ஒரு சின்ன க்யூ ஃபைல். பின் என்பது சரக்கு, க்யூ என்பது அதற்கான வரைபடம். க்யூவை நோட்பேடில் திறந்து காட்டினான். வெறும் எழுத்து. முதல் பின் ஃபைலின் பெயர், அதற்குக் கீழே டிராக் 01, மோட் 2, 2352 என்று. அடுத்த பின் ஃபைலின் பெயர், டிராக் 02, ஆடியோ. அதற்குக் கீழே இன்டெக்ஸ் 00 தொடங்கும் இடம் 00:00:00, இன்டெக்ஸ் 01 தொடங்கும் இடம் 00:02:00. நிமிடம், விநாடி, பிறகு 0 முதல் 74 வரை ஓடும் செக்டர் எண். பாட்டுக்கு முன் 2 விநாடி மௌனம் இருக்கிறது என்று இதற்குப் பொருள். இந்த எழுத்துமுறை ஜெஃப் அர்னால்டு உருவாக்கிய சிடிஆர்வின் என்ற வட்டு எழுதும் மென்பொருளிலிருந்து வந்தது. இன்றும் அது பரவலாகப் புழங்குகிறது.

எமுலேட்டரில் திறக்க வேண்டியது க்யூவைத்தான். பின்னைத் திறந்தால் பழையபடி பாட்டு போய்விடும். இன்னொன்று, பின் ஃபைலின் பெயரை மாற்றினால் க்யூவுக்குள் எழுதியிருக்கும் பெயரையும் மாற்ற வேண்டும். "கேம் ஓடலைன்னு யார் கேட்டாலும் முதல்ல க்யூவைத் திறந்து பேரைப் பாருன்னுதான் சொல்வேன்" என்றான். பெரும்பாலான புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடுமாம்.

பிறகு ஒப்பிட்டுப் பார்த்தல். ஒவ்வொரு பின் ஃபைலுக்கும் ஷா-1 என்ற கைரேகை எண்ணைக் கணக்கிட்டு, ரீடம்ப் என்ற தொண்டர் திட்டம் தொகுத்துவைத்திருக்கும் எண்களோடு வைத்துப் பார்த்தான். ஒரு பைட் மாறினாலும் கைரேகை முழுதாக மாறிவிடும். எல்லாத் தடங்களும் பொருந்தின. 'ஜங்கு' கூடையில் கிடந்த 330 யென் வட்டு, தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்தபடியே இப்போது கணினியில் இருக்கிறது. என் உடம்பு சிலிர்த்தது உண்மை.

க்யூவைத் திறந்தான். எமுலேட்டருக்கு பிளேஸ்டேஷனைத் தொடக்கிவைக்கும் பயாஸ் நிரலும் வேண்டும், 512 கிலோபைட். தன் பழைய பிளேஸ்டேஷன் பெட்டியிலிருந்தே அவன் அதை எடுத்து வைத்திருந்தான். அது சோனியின் சொத்து, யாரோ கொடுத்ததை வாங்கிக்கொள்வது முறையல்ல. பெட்டி இல்லாதவர்களுக்கு ஓப்பன்பயாஸ் என்ற திறந்தமூல மாற்று இருக்கிறது. எமுலேட்டர் எழுதுவதே தவறு என்று சிலர் இன்னும் நினைக்கிறார்கள். 1999இல் கனெக்டிக்ஸ் நிறுவனம் பிளேஸ்டேஷன் எமுலேட்டர் வெளியிட்டபோது சோனி வழக்குப் போட்டது. 2000ஆம் ஆண்டு அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

வட்டை விட்டுவிட்டு இமேஜை மட்டும் வைத்து ஓட்ட முடிவது எப்படி என்பதும் சுவையான கதை. அசல் பிளேஸ்டேஷன் வட்டின் உள்விளிம்பில் சுருளையே மெல்ல நெளியவைத்து 'எஸ்சிஇஐ' என்ற நான்கு எழுத்தைப் பொறித்திருப்பார்கள். அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கடைசி எழுத்து மாறும். சாதாரண டிரைவ் அந்த நெளிவைக் கவனிக்காது, சாதாரண ரைட்டரால் அதை எழுதவும் முடியாது. நகல் வட்டு அசல் பெட்டியில் ஓடாததற்கு அதுதான் காரணம். எங்கள் தெருமுனைக் கடைப் பெட்டியில் அதற்காகவே ஒரு சிப் பற்றவைத்திருந்தார்கள். எமுலேட்டர் அந்த நான்கு எழுத்தைக் கேட்பதேயில்லை. ஐரோப்பிய கேம்கள் சிலவற்றில் மட்டும் வேறொரு பூட்டு உண்டு, அவற்றுக்கு இமேஜோடு ஒரு எஸ்பிஐ ஃபைலும் வேண்டும்.

பந்தயம் தொடங்கியது. பாட்டு வந்தது. 'ரேர் ஹீரோ'. தடதடவென்று அடிக்கும் டெக்னோ. மலைப்பாதையில் கார் வளையும்போது அந்தத் தாளம் கையைப் பிடித்து இழுத்துப் போவதுபோல் இருந்தது. சுற்று முடிந்ததும் 'ராட்டர்டாம் நேஷன்' வைத்து மறுபடி ஓட்டினேன். இந்த கேமை எனக்கு முழுசாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்குத்தான் முதல்முறையாக விளையாடினேன்.

சாப்பிட்டுவிட்டு வந்து, சேமித்துவைக்கும் வடிவத்தைப் பற்றிப் பேசினோம். அவன் எல்லாவற்றையும் கடைசியில் சிஎச்டி ஆக்கிவிடுகிறான். மேம் என்ற எமுலேட்டர் திட்டத்திலிருந்து வந்த வடிவம் இது. சிஎச்டிமேன் என்ற கருவியில் க்யூவைக் கொடுத்தால் எல்லாத் தடங்களும் சேர்ந்து சுருங்கிய ஒரே ஃபைலாகிவிடும். ஒலியை ஃப்ளாக் முறையில் சுருக்குவதால் எதுவும் இழப்பதில்லை, வேண்டும்போது திரும்பப் பின்னும் க்யூவுமாகப் பிரித்துக்கொள்ளலாம். பாட்டை எம்பி3 ஆக்கி இடம் மிச்சம் பிடிக்கும் பழைய முறையை அவன் தொடுவதில்லை. அது சரி என்றுதான் எனக்கும் படுகிறது. இழந்ததைத் திரும்பப் பெற வழியில்லாத சேமிப்பு சேமிப்பே ஆகாது. ஜப்பானில் 1997இல் 3 வட்டாக வந்த ஃபைனல் ஃபேன்டசி 7 போன்றவற்றுக்கு, வட்டுகளின் பெயரை வரிசையாக எழுதிய ஓர் எம்3யு ஃபைல் வைத்தால் எமுலேட்டருக்குள்ளேயே வட்டை மாற்றிக்கொள்ளலாம்.

மற்ற கேம் பெட்டிகளைப் பற்றிச் சுருக்கமாக. சேகா சாட்டர்னுக்கும் மெகா-சிடிக்கும் இதே பின்-க்யூ முறைதான். ட்ரீம்காஸ்ட் வட்டு ஜிடி-ரோம் என்ற தனி ரகம், சுமார் 1 ஜிகாபைட், கேம் இருக்கும் நெருக்கமான பகுதியைச் சாதாரண டிரைவ் பார்க்கவே பார்க்காது. அதன் இமேஜுக்கு ஜிடிஐ என்ற வரைபட ஃபைல் இருக்கும். பிளேஸ்டேஷன் 2இன் டிவிடிகளுக்கு ஐஎஸ்ஓ போதும், டிவிடி செக்டர் 2,048 பைட்தான், ஒலித்தடம் என்று தனியாக இல்லை. ஆனால் அதன் ஆரம்பகால கேம்கள் பல குறுவட்டில் வந்தவை. அவற்றுக்குப் பழைய விதிதான்.

கிளம்பும்போது வட்டை உறையில் போட்டு என் கையில் கொடுத்தான். இமேஜை ஒரு பென் டிரைவில் தந்தான். தான் எடுத்த மற்ற கேம்களின் இமேஜ் எதையும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, முறையாகக் கைக்கு வந்த கணினி நிரலுக்கு, இழப்பிலிருந்தும் சேதத்திலிருந்தும் காக்கப் பாதுகாப்புப் படி எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. அந்த இடம் வட்டை வைத்திருப்பவருக்கு உரியது.

உங்கள் பரணில் அசல் கேம் வட்டு ஒன்றாவது இருந்தால் இந்த வாரமே அதை எடுத்துப் பாருங்கள். அலுமினியம் வருடத்துக்கு வருடம் கெட்டுக்கொண்டுதான் இருக்கிறது. பின்னும் க்யூவுமாக முழுச் சுருளையும் எடுங்கள், கைரேகையை ஒப்பிடுங்கள், பிறகு சிஎச்டி ஆக்கி இரண்டு இடத்தில் வையுங்கள். ஏற்கெனவே ஐஎஸ்ஓவாக எடுத்து வைத்திருந்தால், தயவுசெய்து இன்னொரு முறை எடுத்துவிடுங்கள். வட்டை எறிந்துவிடாதீர்கள்.